ராஜாவை உயிரோடு வரைந்தவள்

கேக்கின் மேல் பெயர் எழுதுகிறவளுக்கு ரப்பர் கிடையாது. இதை முதலில் மனசில் வாங்கிக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் தானாகப் புரியும். க்ரீம் நிரப்பிய கூம்பை அழுத்தினால் கோடு விழும். விழுந்தது விழுந்ததுதான். கோணலாகிவிட்டதே என்று சுரண்டப் போனால் கேக்கே காயம்பட்ட மாதிரி ஆகிவிடும். வருஷக்கணக்கில் அந்த வேலை பார்த்தவள் காகிதத்தில் படம் போட உட்கார்ந்தபோதும் அப்படித்தான் போட்டாள். ஒரு பேனா, ஒரு தாள், அவ்வளவுதான். "பென்சில்ங்கிறது பொய் சொல்லிட்டு அழிச்சுக்கிறவங்களுக்கு" என்பாள். அப்படி ஒரு வாய்!

கடையிலும் தெருவிலும் அவள் கேக்கக்கா. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே வேறு யாரையோ என்று நினைத்துக்கொண்டு போய்விடுவாள். அவள் வீட்டுக்காரர் அதே பேக்கரியில் அடுப்பு மாஸ்டர். அவர் சுடுவார், இவள் பூசுவாள். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கடையில் வேலை பார்த்தால் சண்டைதான் மிஞ்சும் என்று சொல்கிறார்களே, இவர்களுக்குச் சண்டையே பொழுதுபோக்கு. சண்டை போடாத நாளில் இரண்டு பேரில் ஒருவருக்குக் காய்ச்சல் என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை பிறந்தநாள் கேக்கெல்லாம் மதியத்துக்குள் கடையை விட்டுப் போய்விடும். அதற்கு மேல் அவளைப் பிடிக்க முடியாது. ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டுவாள், விரல் இடுக்கில் ஒட்டிய சர்க்கரையைக் கழுவுவாள், தெருக்கோடியில் இருக்கும் நாடக அரங்குக்கு மதியக் காட்சி பார்க்கப் போய்விடுவாள். முன் வரிசையில் இடதுகோடி நாற்காலி, மேடைக்கு ஏறும் படியை ஒட்டினாற்போல. அந்த இடத்தை யாரும் கேட்டு வாங்க மாட்டார்கள். கழுத்தைத் திருப்பியே உட்கார்ந்திருக்க வேண்டும், போதாக்குறைக்குத் திரைச்சீலைக்குப் பின்னால் தும்முகிறவர்களெல்லாம் தெரிவார்கள். ஆனால் மேடை வெளிச்சம் வழிந்து மடியில் விழுகிற ஒரே நாற்காலி அதுதான். இவளுக்கு அது போதும்.

அவள் வரைகிற முறை ஒரு தினுசு. பேசுகிறவர்களை வரைய மாட்டாள். பேசுகிறவன் கையை ஆட்டுவான், குதிப்பான், திரும்புவான். பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்கிறவன்தான் சிலை மாதிரி நிற்பான். அதனால் அரங்கமே கதாநாயகனைப் பார்க்கும்போது, இவள் மட்டும் பின்னால் தட்டை ஏந்திக்கொண்டு நிற்கிற பணிப்பெண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பாள். காட்சி முடிந்ததும் பக்கவாட்டுக் கதவு வழியாக ஒப்பனை அறைக்குப் போய்ப் படத்தை நீட்டுவாள். அவர்கள் பாதி முகத்தில் சாயமும் பாதி முகத்தில் எண்ணெயுமாக உட்கார்ந்து, படத்தின் காலடியில் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் வேஷத்தின் பெயரையும் எழுதித் தருவார்கள்.

அந்த வருஷம் ஓடிக்கொண்டிருந்தது ஒரு ராஜா நாடகம். அதில் சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் ஈட்டியோடு நிற்கும் காவலாளிக்கு முதல் மணியிலிருந்து கடைசித் திரை வரை ஒரு வார்த்தை கிடையாது. கேக்கக்காவுக்கு அந்த மனுஷன் கிடைத்தது பழம் நழுவிப் பாலில் விழுந்த கதைதான். கதாநாயகிக்குக்கூட இல்லாத அளவுக்கு அவருக்குப் படங்கள் சேர்ந்துவிட்டன. "எங்க வீட்டுல என்னை யாரும் இவ்வளவு நேரம் உத்துப் பார்த்ததில்லைக்கா" என்று சொல்லிச் சொல்லிக் கையெழுத்துப் போடுவார் ஈட்டிக்காரர்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான் அரங்கத்து மேனேஜரம்மா ஒருநாள் அவளை வாசல் கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு சுவரைக் காட்டினார்.

"அக்கா, இந்தச் சுவர் பூரா உங்க படம். அடுத்த நாடகம் தொடங்கும்போது மாட்டிடலாம். ஒண்ணே ஒண்ணு. அவங்கவங்க கையெழுத்து இல்லாம யார் படத்தையும் நாங்க மாட்டறதில்ல. முன்ன ஒரு தடவை ஒருத்தர் கொட்டாவி விடுற போட்டோவை மாட்டிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

"எல்லாத்துலயும் கையெழுத்து இருக்கும்மா."

"எல்லாத்துலயும்னா? ஐயாவோடது எங்க?"

அது ஒன்றுதான் அவளிடம் இல்லை.

ஐயா என்றால் ராஜா வேஷம் கட்டுகிறவர். அந்தக் குழுவின் மூத்த நடிகர். முகத்துக்கு நேரே ஐயா, முதுகுக்குப் பின்னால் இடி. அவர் குரலுக்கு வைத்த பெயர் அது. திரை தூக்கியதிலிருந்து பேசுவார். மந்திரியோடு பேசுவார், மகளோடு பேசுவார், ஆளே இல்லையென்றால் சிம்மாசனத்தோடு பேசுவார். பேசும்போது ஒரு இடத்தில் நிற்பாரா என்றால், அடுப்பில் வைத்த பாத்திரத்து மூடிகூட அவரைவிட அமைதியாக இருக்கும். கேக்கக்கா இத்தனை நாளும் அவரை வரையாமல் விட்டதற்கு அதுதான் காரணம்.

"அவர் படம் இல்லாம மத்தவங்களை மட்டும் மாட்டினா, நான் அவர் முகத்துல முழிக்க முடியாது. இந்த நாடகம் முடியறதுக்குள்ள வாங்கிடுங்க. இல்லேன்னா இங்க பெரிய கண்ணாடி ஒண்ணு வைக்கலாம்னு முதலாளி சொல்றார்" என்றார் மேனேஜரம்மா.

கண்ணாடியாம்! இதுவரை அவள் கையால் செய்தது எதுவும் ஒரு சாயங்காலத்தைத் தாண்டியதில்லை. எத்தனை அழகாக எழுதினாலும் மெழுகுவர்த்தியை ஊதி, கையைத் தட்டி, முதல் வெட்டே பெயருக்கு நடுவில்தான் போடுவார்கள். அதைப் பற்றி அவள் யாரிடமும் குறைப்பட்டுக்கொண்டது கிடையாது. ஆனால் அந்தச் சுவரைப் பார்த்த நிமிஷத்தில் ஆசை வந்துவிட்டது. தான் போட்ட கோடு ஒரு இடத்தில் இருக்க வேண்டும், ஜனங்கள் வந்து நின்று பார்க்க வேண்டும் என்ற ஆசை. அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதே நினைப்புதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராஜாவை எப்படியாவது பிடித்துவிட வேண்டும் என்று காத்திருந்தாள். அவர் நின்றால்தானே? கடைசிக் காட்சி வந்தது. அதில் ராஜா செத்துப்போவார். மனுஷன் அசையாமல் கிடப்பார், துரத்தியடிக்கப்பட்டுத் திரும்பி வந்த மகளும் மந்திரியும் நாட்டை யார் ஆள்வது என்று அவர் தலைமாட்டில் நின்று வெகுநேரம் வழக்காடுவார்கள். கேக்கக்காவுக்குக் கை பரபரத்தது. ஆகா, இதுவல்லவா நேரம்! மூக்கு, தாடி, மார்பில் கோத்த விரல்கள், மோதிரம் எல்லாம் ஒரே மூச்சில் விழுந்தன. அவள் போட்டதிலேயே அதுதான் நல்ல படம். சந்தோஷத்தில் அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. நேராக ஒப்பனை அறைக்குப் போய், உட்கார்ந்திருந்தவரிடம் பேனாவையும் சேர்த்து நீட்டிவிட்டாள்.

அவர் பார்த்தார். அறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"ஏம்மா, இது யாரு?"

"நீங்கதாங்கய்யா."

"நானா? பொணம்மா இது! பொணத்துக்கிட்டயே கொண்டாந்து கையெழுத்துக் கேக்கிறியா?"

"அப்பதாங்கய்யா நீங்க நல்லா…" என்று ஆரம்பித்தாள். நுணலும் தன் வாயால் கெடும். "நல்லா அசையாம இருந்தீங்க."

அறை முழுக்கச் சிரிப்பு. ஐயாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறியது. "கேட்டீங்களாடா? தொண்டை கிழியப் பேசறேன், மேடை அதிர நடக்கறேன். இந்த அம்மாவுக்கு நான் செத்ததுதான் புடிச்சிருக்கு!" தாளைக் குப்புறப் போட்டு அவள் பக்கம் தள்ளினார். "என்னை உயிரோட வரைஞ்சு கொண்டா. பேசற என்னை. அப்பப் போடறேன் கையெழுத்து. அதுவரைக்கும் இந்தப் பக்கம் வராதே."

வீட்டுக்கு வந்து அவள் அழுதாள். அவமானம் ஒரு பக்கம், தன் அசட்டுத்தனத்தின் மேலேயே கோபம் ஒரு பக்கம். அடுப்பு மாஸ்டர் கதையைக் கேட்டுவிட்டு முதலில் ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

"சரி விடு. அவர்தான் வழி சொல்லிட்டாரே. உயிரோட வரைஞ்சா போடறேன்னாரு. வரைஞ்சுட்டுப் போ."

"சொல்றது சுலபம். அந்த மனுஷன் நின்னாத்தானே!"

"நின்னா யாரு வேணா வரைவாங்க. உன்னை எதுக்குக் கேக்கணும்?"

அதைக் கேட்டதும் அவளுக்கு எரிச்சல் இன்னும் அதிகமானது.

அதற்கப்புறம் வந்த ஞாயிறுகளைச் சொல்லி மாளாது. அவர் மேடையின் இந்தக் கோடிக்கு வந்தால் பேனா இந்தக் கோடிக்கு ஓடும், அந்தக் கோடிக்குப் போனால் அந்தக் கோடிக்கு ஓடும். ஒரு தாளில் கிரீடம் ஓரிடம், தாடி ஓரிடம். இன்னொரு தாளில் ராஜாவுக்கு மூன்று கால். ஒரு படத்தை எடுத்துப் பார்த்த அடுப்பு மாஸ்டர், "இது என்ன, மழையில நனைஞ்ச கோழியா?" என்று கேட்டார். அன்றைக்குப் பொழுது சாயும் வரை அவள் அவரோடு பேசவில்லை. மேடை மேலிருந்து ஐயாவும் இவள் திணறுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். படியோர நாற்காலியில் ஒருத்தி தாளைக் கசக்கி மடியில் போடுவது மேடைக்குத் தெரியாமல் இருக்குமா?

பிறகு ஒரு வேலை நாள். ஏதோ கம்பெனி ஆண்டுவிழாவுக்குப் பெரிய வட்டக் கேக். ஓரம் பூராவும் சங்கிலி மாதிரி க்ரீம் வைக்க வேண்டும். கேக் சுழல்தட்டின் மேல் இருந்தது. கேக்கக்காவுக்கு நினைப்பு இங்கே இல்லை. கூம்பைப் பிடித்துக்கொண்டு கேக்கைச் சுற்றிச் சுற்றி இவளே நடந்துகொண்டிருந்தாள். முழங்கை போய் ஐசிங்கில் பதிந்தது. அடுப்பு மாஸ்டர் அங்கிருந்து கத்தினார்.

"ஏய், என்ன கேக்கைப் பிரதட்சணமா பண்றே? தட்டு எதுக்கு இருக்கு? கையை வச்ச இடத்துல வை, தட்டு தானா சுத்தி வரும்!"

அவள் நின்றுவிட்டாள். கூம்பிலிருந்து க்ரீம் தரையில் சொட்டியது. சுற்றுகிற கேக்கின் பின்னால் அவள் என்றைக்காவது ஓடியிருக்கிறாளா? கையை ஒரு இடத்தில் வைப்பாள், கேக் வரும், கோடு விழும். சுற்றுகிற மனுஷன் பின்னால் மட்டும் ஏன் ஓடினாள்?

"என்னங்க!" என்று கத்தினாள். "நீங்க எப்பவாவது ஒரு தடவைதான் உருப்படியா பேசுவீங்க, அது இன்னிக்குத்தான்!"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

அந்த ஞாயிறு அவள் பேனாவைத் திறக்கவில்லை. அவர் எங்கே போகிறார், எங்கே திரும்பி வருகிறார் என்று மட்டும் பார்த்தாள். பார்க்கப் பார்க்க விஷயம் விளங்கியது. இடி எத்தனை சுற்றுச் சுற்றினாலும் சிம்மாசனத்தின் வலது கைப்பிடிக்கு வந்தே தீரும். அதை ஒரு கையால் இறுக்கிப் பிடிப்பார், மறு கையை உயர்த்துவார், வாயைத் திறந்து வசனத்தின் கடைசி வார்த்தையை எறிவார். ஒரு மூச்சு நேரம், அவ்வளவுதான். பிறகு மறுபடி சுற்றுவார்.

அடுத்த வாரம் பேனாவைக் கைப்பிடி விழ வேண்டிய இடத்துக்கு மேலே வைத்துக் காத்திருந்தாள். வந்தார், தோள் மட்டும் போட்டாள். போய்விட்டார், பேனாவைத் தூக்கிவிட்டாள். திரும்ப வந்தார், தாடை. திரும்ப வந்தார், உயர்த்திய கை. முதல் படத்தில் தோள் யானை, தலை பூனை. அதற்கடுத்த வாரம் அளவெல்லாம் சரியாக வந்தது, ஆனால் வாய் மூடிக்கொண்டது. வாய் மூடிய இடியை யார் நம்புவார்கள்? அதையும் கிழித்துப் போட்டாள்.

கடைசி ஞாயிறு வந்தது. அன்று மதியக் காட்சியோடு நாடகம் முடிகிறது. கூட்டம் என்றால் கூட்டம், எள் போட்டால் எள் விழாது. திரை தூக்குவதற்கு முன்னால் ஈட்டிக்காரர் வேஷத்தோடு படியோரம் எட்டிப் பார்த்தார்.

"அக்கா, ஐயாவே கேட்டாரு, அந்த அம்மா வந்திருக்காங்களான்னு."

"ஏன், விரட்டவா?"

"தெரியலக்கா. கேட்டாரு, அவ்வளவுதான்."

அவளுக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. இருந்தும் மணி அடித்துத் திரை தூக்கியதும் கை தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. ராஜா வந்தார், போனார், வந்தார். ஒவ்வொரு வருகைக்கும் ஒரு கோடு. கைப்பிடியை இறுக்கிய விரல்கள். முன்னால் சரிந்த தோள். கழுத்து நரம்பு. மகளை நாட்டை விட்டுத் துரத்துகிற காட்சியில் அவர் மறுபடி கைப்பிடிக்கு வந்து வாயைத் திறந்தார், அவள் பேனா இறங்கியது, திறந்த வாய் தாளில் வந்து உட்கார்ந்தது. குரல்கூடக் கேட்கிற மாதிரி ஒரு வாய். அவள் மூடியை எடுத்துப் பேனாவை மூடினாள். போதும் என்கிற இடம் அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் ஒரு பூ வைத்தாலும் கேக் கெட்டுப்போகும்.

அதற்கப்புறம் தர்பார் காட்சி. நாடகத்திலேயே பெரிய வசனம் அதில்தான். ராஜா பேசிக்கொண்டே முன்னால் வந்தார், இடது பக்கம் வந்தார், படியோர நாற்காலிக்கு நேர் எதிரே வந்தார். கையை உயர்த்தினார். வசனத்தின் பாதியில் நிறுத்தினார்.

நிறுத்தினார் என்றால் அப்படியே நின்றுவிட்டார். அசைவே இல்லை. அரங்கத்தில் இருமிக்கொண்டிருந்தவர்கூட இருமலை விழுங்கிக்கொண்டார். திரைக்குப் பின்னாலிருந்து, வசனம் மறந்துவிட்டாரோ என்று பயந்துபோய் யாரோ அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தார்கள். அவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. இத்தனை காட்சிகளில் தலையைத் திருப்பாத ஈட்டிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

கேக்கக்காவுக்கு ஒரு கணம் கழித்துத்தான் புரிந்தது. எனக்காக நிற்கிறார்! வாராவாரம் நான் படுகிற பாட்டைப் பார்த்து, மனசு இளகி, இந்த மனுஷன் எனக்காக நிற்கிறார். மூடிய பேனா மடியில் கிடந்தது. அதை அவள் தொடவில்லை. அவரையே பார்த்தாள். பவுடரைக் கீறிக்கொண்டு காதோரம் இறங்கிய வியர்வையைப் பார்த்தாள். உயர்த்திய கை லேசாக நடுங்குவதைப் பார்த்தாள். நாட்டையும் மகளையும் தானே தொலைத்துவிட்ட ஒரு கிழவன் பேச வார்த்தை இல்லாமல் நிற்பதைப் பார்த்தாள். எத்தனை தடவை பார்த்த நாடகம்! கண்ணில் தண்ணீர் வந்தது இன்றைக்குத்தான்.

பிறகு அவர் மிச்ச வசனத்தைக் கிட்டத்தட்ட முணுமுணுப்பாகச் சொன்னார். அரங்கம் எழுந்து நின்று தட்டியது. கேக்கக்காவும் எழுந்து தட்டினாள். மடியிலிருந்த தாள் கீழே விழுந்ததுகூடத் தெரியவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர்தான் எடுத்துக் கொடுத்தார்.

நாடகம் முடிந்து ஒப்பனை அறையில் எல்லோரும் ஐயாவைச் சூழ்ந்துகொண்டிருந்தார்கள். இப்படி ஒரு நிறுத்தத்தை எங்கே பிடித்தீர்கள் என்று மந்திரி வேஷக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். கேக்கக்கா வாசலில் தயங்கி நிற்பதைப் பார்த்ததும் ஐயா கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"வாம்மா. நின்னேன்ல? போதுமா? வரைஞ்சியா இல்லியா?"

அவள் தாளை நீட்டினாள். அவர் வாங்கிப் பார்த்தார். முதலில் புருவம் சுருங்கியது.

"இது சிம்மாசனத்துகிட்ட. நான் நின்னது உனக்கு எதிர்ல ஆச்சே."

"ஆமாங்கய்யா. நீங்க நிக்கிறதுக்கு முன்னாடியே முடிச்சுட்டேன். பேசற உங்களைத்தானே வரையச் சொன்னீங்க? பேசறப்பவே வரைஞ்சுட்டேன்."

அவர் படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டு போனார். திறந்த வாயைப் பார்த்தார், கழுத்து நரம்பைப் பார்த்தார், மறுபடி வாயைப் பார்த்தார். கண்ணாடியில் தன்னையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"அப்போ நான் நின்னது வீணாப் போச்சா?"

"வீணா எப்படிங்கய்யா போகும்? இத்தனை நாளா நான் உங்களைப் பார்த்ததே இல்ல. கோட்டைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். இன்னிக்கு நீங்க நின்னீங்க, பேனாவை மூடிட்டு உங்களைப் பார்த்தேன். அழுதுட்டேன்."

ஐயா ஏதோ சொல்ல வாயெடுத்தார். வார்த்தை வரவில்லை.

"ஒரே நாள்ல ரெண்டு தடவை பேச்சு நின்னுடுச்சு!" என்றார் ஈட்டிக்காரர். அறை கொல்லென்று சிரித்தது. எல்லோருக்கும் மேலாகச் சிரித்தது இடிதான்.

"பேனாவைக் குடு" என்றார். சாயம் ஒட்டிய கையைத் துண்டில் நன்றாகத் துடைத்துக்கொண்டார். சிம்மாசனத்தின் காலடியில் தன் பெயரைப் பெரிதாக, ஒரே இழுப்பில் எழுதினார். பக்கத்தில் 'ராஜா' என்று போட்டார். அதோடு விடாமல் 'உயிரோடு' என்றும் சேர்த்தார். பிறகு மேனேஜரம்மாவைத் தேடினார். "இதை எங்க மாட்டப் போறே? ஓரத்துல கீரத்துல மாட்டினே, அடுத்த நாடகத்துக்கு நான் வர மாட்டேன்."

"நடுவுலதாங்கய்யா" என்றார் மேனேஜரம்மா. "கண்ணாடி வேண்டாம்னு முதலாளிகிட்ட இப்பவே சொல்லிடறேன்."

வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை. தெருவுக்கு அந்தப் பக்கம் அடுப்பு மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தை விட்டுவிட்டு அந்த மனுஷன் எங்கேயும் போனதாகச் சரித்திரமே கிடையாது.

"போட்டாரா?" என்று அங்கிருந்தே கத்தினார்.

தாளின் இரண்டு முனையையும் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். அடுப்பு மாஸ்டர் இரண்டு விரலை வாயில் வைத்து நடுத்தெருவில் ஒரு விசில் அடித்தார். அரங்கத்திலிருந்து வெளியே வந்துகொண்டிருந்த கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. "எம் பொண்டாட்டி வரைஞ்சது! பாருங்க, எம் பொண்டாட்டி வரைஞ்சது!" என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் அவர் நிறுத்த ஆரம்பித்தார். ஜனங்கள் நின்று பார்த்தார்கள்.

"ஐயோ, சும்மா இருங்க, மானம் போகுது" என்றாள் அவள். ஆனால் கையைக் கீழே இறக்கவில்லை.